கணுக்காலுக்குக் கீழே இன்னொரு மூட்டு

மார்ச் 3

தம்பிக்கு,

"அக்கா, பாதம் எத்தனை எடத்துல அசையும்?" என்று நீ என்னிடம் ஒருமுறை கேட்டாய். ஏழு வருஷம் ஆகிறது. உன் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தாய். பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கி, கட்டுப் பிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வலி மட்டும் போகவில்லை. நான் யோசிக்கவே இல்லை. "ஒரே எடம்தான், கணுக்கால். அப்புறம் விரல்" என்றேன். முப்பத்தொரு வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவளுக்கு இதற்கெல்லாம் யோசனை எதற்கு?

அந்தப் பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன் பண்ணினால் நீ எடுக்க மாட்டாய். கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாய்.

போன மாதம் சரளைக்கல் கொட்டிய பாதையில் நடந்தபோது எனக்குக் கால் பிசகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் ஒரு கையால் என் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் குதிகாலைக் கிண்ணம் மாதிரி ஏந்தினாள். மேலும் கீழும் அசைக்கவில்லை. இடமும் வலமும் சாய்த்தாள். சுரீர் என்றது. "கணுக்கால்தானே பிசகினது, குதிகாலை ஏன் ஆட்டறே?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "இது வேற மூட்டு டீச்சர். கணுக்காலுக்குக் கீழ இருக்கு. பாதம் பக்கவாட்டுல சாயறது இதாலதான்" என்றாள்.

எனக்கு உடனே உன் ஸ்டூல் நினைவுக்கு வந்தது.

கணுக்கால் ஒரு கதவுக் கீல் மாதிரி. பாதத்தை மேலே தூக்கும், கீழே இறக்கும், அவ்வளவுதான். அதற்கடியில், குதிகால் எலும்பின் முதுகில், இந்த இன்னொரு மூட்டு இருக்கிறது. தண்ணீரில் நிற்கும் படகில் ஒருவர் ஓரமாக நகர்ந்தால் படகு சாயுமே, அப்படிச் சாய்வதுதான் அதன் வேலை. நொறுங்கியது உன் குதிகால் எலும்பு. அப்படியென்றால் கெட்டுப்போனது இந்த மூட்டு. நான் அன்றைக்கு உன் பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை மடக்கிப் பார்த்துவிட்டு, மூட்டு சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். நல்ல கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஓட்டையே இல்லை என்று சொன்ன மாதிரி.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. பதிலைத் திருத்த வேண்டும் என்றுதான்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கிழிக்கல. ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை கடையில. நான் இப்போ பெயின்ட் கடையில கலர் கலக்குற மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன், தெரியுமோ தெரியாதோ. வெள்ளையிலயே நாப்பது வெள்ளை இருக்கு. அதுல எதுன்னு புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போடுறதை வேடிக்கை பாக்குறதுக்குத்தான் சம்பளம்.

பதிலைத் திருத்திட்டே. சந்தோஷம். பரீட்சை முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சு மார்க் போட்டா அந்தப் பையன் எங்க போய் வாங்கிப்பான்?

நீ ஒண்ணை எழுதாம விட்டுட்டே. மூட்டு சுத்தமா இருக்குன்னு மட்டும் நீ சொல்லல. "வலி கால்ல இல்லடா, மனசுல. திரும்ப ஏணி ஏற பயம், அவ்வளவுதான்"னு சொன்னே. என் பொண்டாட்டி கதவுகிட்ட நின்னு கேட்டுட்டிருந்தா. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை உன்கிட்ட காட்டினேன், ஞாபகம் இருக்கா? அந்த மூட்டை ஸ்க்ரூ வெச்சுப் பூட்டிடலாம், வலி போயிடும்னு சொல்லியிருந்தார். நீ படிச்சுட்டு, "பூட்டினா மரக்கட்டைதான், ஒழுங்கா நடக்கவே முடியாது"ன்னு மடிச்சுக் கையில கொடுத்துட்டே. நான் உன் பேச்சைக் கேட்டு டாக்டர்கிட்ட போகாம விட்டேன். என் தப்பும் இருக்கு. அதை எழுதிடறேன்.

அதுக்கப்புறம் எது நடந்தாலும் வீட்ல ஒரே வரிதான். அண்ணியே, அதான் நீ, பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களேன்னு. திட்டறதில்ல, அவ அப்படிப்பட்டவ இல்ல. சாதாரணமாத்தான் சொல்லுவா. அதான் வலிக்கும். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு ஏணி ஏறினேன். நேரா நின்னா ஒண்ணும் தெரியாது. பிரஷ்ஷை எட்டிப் பிடிச்சு ஓரமா சாயும்போது உள்ள கத்தி வெச்சுத் திருப்பின மாதிரி இருக்கும். மேஸ்திரி பாத்தார், பாத்தார், அப்புறம் என்னைக் கூப்பிடுறதை விட்டுட்டார். ரோட்டுல போனா எனக்குக் கண்ணு எப்பவும் தரையிலதான். எங்க சமமா இருக்கு, எங்க சாய்வா இருக்குன்னு. முன்னாடி அவ என் பக்கத்துலயே நடப்பா. இப்போ முன்னாடி போயிடுறா. கடைவாசல்ல நின்னு திரும்பிப் பாப்பா.

இப்போ ஒரு புது டாக்டர். அவரும் பூட்டணும்னுதான் சொல்றார். ஏப்ரல் பன்னெண்டு தேதி கொடுத்திருக்கார். கையெழுத்து போடல. வீட்ல சொல்லவும் இல்ல. சொன்னா அவ முதல்ல என்ன கேப்பான்னு உனக்கே தெரியும். அண்ணி என்ன சொன்னாங்கன்னு கேப்பா.

உன்கிட்ட நான் யோசனை கேக்கல. பூட்டினதுக்கப்புறம் நடக்குறது எப்படி இருக்கும்னு மட்டும் உனக்குத் தெரிஞ்சா எழுது. தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. அதை நீ ஒரு தடவையும் என்கிட்ட சொன்னதில்ல.

பெயின்டர்


மார்ச் 22

தம்பிக்கு,

வலி மனசில் என்று சொன்ன அந்த வரியை நான் மறக்கவில்லை. எழுதக் கை வரவில்லை. நீ எழுதிவிட்டாய். சரி.

உன் கடிதம் வந்த மறுநாள் என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டை உனக்கு நினைவிருக்கும், பிள்ளைகள் அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். அதன் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செய்தவர்கள் இருபத்தாறு எலும்பையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டி, அசையாமல் ஒரே துண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கணுக்காலில் மட்டும் ஒரு சுருள்கம்பி. இஸ்திரிப் பெட்டிக்குக் கைப்பிடி போட்ட மாதிரி. முப்பத்தொரு வருஷம் அதைப் பார்த்துத்தான் கரும்பலகையில் பாதம் வரைந்தேன். படம் அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். தினமும் இரண்டு பாதத்தில் நடந்தேன், ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "ஒரே துண்டா அசையறதுன்னா எதுக்கு டீச்சர் இருபத்தாறு எலும்பு?" என்று கேட்டாள். "எலும்பை எண்ணு போதும், என்னைக் கேள்வி கேட்காதே" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் கேள்வி கேட்கவில்லை.

இப்போது இருக்கிற அறிவியல் டீச்சரிடம் அனுமதி வாங்கி, இடுக்கியால் அந்தக் கம்பிகளை வெட்டினேன். எலும்புகள் மேசையில் சிதறின. ஒன்று உருண்டு கீழே போய்விட்டது, அலமாரிக்கடியில் தேடி எடுத்தோம். பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டு எழுதி வைத்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உனக்குத் தேவையானது இதில் இருக்கும்.

நாம் அடி வைக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது, அதுவும் வெளிப்பக்க ஓரமாக. தொட்டதும் அது உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது. நான்கைந்து டிகிரிதான், கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சாய்வில் நடுப்பாதத்து எலும்புகள் ஒன்றுக்கொன்று தளர்கின்றன. கை நிறைய அரிசியை அள்ளி ஒரு துணியில் போட்டுத் தரையில் வைத்தால் அது தரைக்கேற்றபடி படியுமே, பாதம் அப்படிப் படிகிறது. கல் இருந்தாலும் மேடு இருந்தாலும் வாங்கிக்கொள்கிறது. பிறகு உடம்பு முன்னால் போகும்போது குதிகால் மறுபடி வெளிப்பக்கம் திரும்புகிறது. இப்போது அதே எலும்புகள் இறுகுகின்றன. துணியை முறுக்கிக் கட்டினால் அரிசி மூட்டை கெட்டியாகிறதல்லவா? கெட்டியான பாதத்தை ஊன்றித்தான் நாம் தரையை உந்தித் தள்ளுகிறோம். ஒரே அடிக்குள் பாதம் முதலில் தளர்கிறது, அப்புறம் இறுகுகிறது. இந்தத் தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் சாவி அந்தக் குதிகால் மூட்டு.

அதைப் பூட்டினால் சாய்வு போய்விடும். கல் பாதையில், மணலில், சரிவில் நடப்பது சிரமமாக இருக்கும், எப்போதும். ஆனால் கணுக்கால் தன் வேலையைச் செய்யும். பாதம் மேலே வரும், கீழே போகும். சமதரையில் நீ நடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது என்கிறாள் அந்தப் பெண். உரசுகிற இடம் அசையாமல் போவதால் வலி அடங்கும் என்கிறாள். மரக்கட்டை என்று நான் சொன்னது கணுக்காலையே பூட்டப்போகிறார்கள் என்று நினைத்துச் சொன்னது. சீட்டில் வேறு மூட்டின் பெயர் இருந்தது. படித்தேன், தெரியாத பெயராக இருந்தது, தெரிந்த பெயராக நினைத்துக்கொண்டேன்.

உன் காலில் அது எவ்வளவு தூரம் சரியாகும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை. அன்றைக்கும் இல்லை. கையெழுத்துப் போடு என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் மனைவிக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா? அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அவனுக்கு வலி உண்மையிலேயே இருக்கிறது என்று நானே எழுதிவிட்டால் உனக்கு வீட்டில் சொல்வது சுலபமாகுமே.

அக்கா


மார்ச் 29

அக்கா,

கார்டுதான் கிடைச்சுது. சுருக்கமா எழுதறேன்.

அவளுக்கு எழுதாதே. நீ எழுதினா நம்பிடுவா. அதுதான் எனக்கு வேண்டாம். ஏழு வருஷமா வலிக்குதுன்னு நான் சொன்னேன், நம்பல. நீ ஒரு பக்கம் எழுதினா நம்புவான்னா, அப்போ என் காலுக்கு இன்னமும் நீதான் டீச்சர். நானே சொல்லிக்கறேன். நான் சொல்லி அவ நம்பணும்.

மத்தது படிச்சேன். அரிசி மூட்டை நல்லா இருந்துச்சு.


ஏப்ரல் 3

தம்பிக்கு,

உன் கார்டு நேற்று வந்தது. நான் அவளுக்கு எழுதிய கடிதம் திங்கட்கிழமையே தபால்பெட்டிக்குள் போய்விட்டது.

எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். கேட்டுவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன், பதில் வரவில்லை, தேதி நெருங்குகிறதே என்று பயந்தேன். சரி என்றுதான் சொல்லப்போகிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதிலை நானே சொல்லி முடித்துவிடுவேன் என்று சக டீச்சர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பழக்கம் ஓய்வுபெறவில்லை.

தபால்காரரை வழியில் பிடித்துக் கேட்டேன். போட்ட கடிதத்தை எடுத்துத் தர முடியாது என்றார். முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "யாருக்காச்சும் திட்டி எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இது கிடைப்பதற்குள் அது கிடைத்துவிடும். முடிந்தால் நீ முந்திக்கொண்டு அவளிடம் சொல். முடியாவிட்டால் என்னைத் திட்டி ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

முந்தல. நான் கடையிலேர்ந்து வந்தப்ப உன் கடிதத்தைப் பிரிச்சு மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா. எனக்கு உன்மேல வந்த கோவத்தை இங்க எழுதினா தபால் பையே பத்திக்கும். அதனால விடறேன்.

அவ சொன்னதை அப்படியே எழுதறேன். "அண்ணி எழுதிட்டாங்கன்னு நான் இப்போ நம்பல. நீங்க மாடிப்படி எறங்கற சத்தத்துலயே எனக்குத் தெரியும், ஒரு கால் மெதுவா, ஒரு கால் வேகமா. வலி நெஜம்னு ஒத்துக்கிட்டா அடுத்து என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். அண்ணி சொன்னாங்க. பிடிச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னா. அது உண்மையா, இல்ல சமாளிக்கறதுக்குச் சொன்னாளான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல. தெரிஞ்சே ஏழு வருஷம் விட்டாள்னு நினைச்சா தெரியாம விட்டதே தேவலைன்னு தோணுது. ஆனா பன்னெண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்கு அவதான் பையைத் தூக்கிட்டு வந்தா. கையெழுத்து போட்ட பேனாவும் அவளோடதுதான், என்னோடது எழுதல.

ஆபரேஷன் முடிஞ்சுது. ரெண்டு ஸ்க்ரூ. காலை இப்போ தலையணை மேல வெச்சுட்டு எழுதறேன். இன்னும் கட்டு இருக்கு, ஊன்றக் கூடாது.

இதை உனக்கு எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ரெண்டு நாள் யோசிச்சேன். டாக்டர் உள்ள பாத்துட்டுச் சொன்னார், கீழ் மூட்டைப் பூட்டியாச்சு, ஆனா மேல் மூட்டும், அதான் உன்னோட கதவுக் கீல், அதுவும் தேஞ்சிருக்காம். இத்தனை வருஷம் கீழ்மூட்டைக் காப்பாத்த நான் கோணலா நடந்ததை எல்லாம் அதுதான் தாங்கியிருக்கு. சமதரையில நடக்கலாம், கடைக்குப் போகலாம், வரலாம். ஏணி இனிமே கிடையாது. சின்ன ஏணிகூட. முன்னாடியே பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவேளை வேலைக்குத் திரும்பியிருக்கலாம்னார்.

மூணாவது மாடிச் சுவர் ஒண்ணு காலையில வெயில் படறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நாம அடிச்சு முடிச்ச சுவரா இருந்தா எறங்கவே மனசு வராது. அதை மட்டும் சொல்லணும்னு தோணுச்சு.

பாக்க வரேன்னு அவகிட்ட போன்ல சொன்னியாம். வராதே. வெறுப்புல சொல்லல. நீ வந்தா காலைத் தொட்டுப் பாப்பே. எனக்கு இப்போ அது முடியாது. வரச் சொல்றப்போ சொல்றேன்.

தம்பி


ஜூலை 18

தம்பிக்கு,

உன் ஏப்ரல் கடிதத்துக்கு ஆறு பதில் எழுதினேன். ஆறிலும் ஏதோ ஒரு இடத்தில் என்னை நானே காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எலும்புக்கூட்டைக் குற்றம் சொன்னேன், அதைச் செய்தவர்களைச் சொன்னேன், ஒன்றில் டாக்டரைக்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கிழித்தேன். இப்போது சொல்வது இதுதான்: உன் ஏணியை நான் எடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை.

வராதே என்றாய், வரவில்லை. அந்தப் பக்கமாக ஒருநாள் பஸ்ஸில் போனபோதுகூட இறங்கவில்லை. உன் தெருமுனையில் பஸ் நின்றது. நான் என் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நீ எழுதிய நாலு வரி கிடைத்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது, டாக்டர் வெறுங்காலில் ஊன்றி நடக்கச் சொல்லிவிட்டார், உள்ளே கத்தி இல்லை, ஆனாலும் பாதத்தின் வெளி ஓரத்திலேயே நடக்கிறாய், ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுப்பவர் தினமும் திட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். "பழகின கால், சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று முடித்திருந்தாய். படித்துச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கால் யார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு இப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

பாதத்தில் நான் உனக்கு எழுதாத மூட்டு ஒன்று பாக்கி இருக்கிறது. பெருவிரலின் அடியில் இருப்பது. குதிகால் தரையை விட்டு எழும்பும்போது பாதம் அங்கேதான் மடிகிறது. அது மடியும்போது உள்ளங்காலில் ஓடும் தடித்த நார் ஒன்று, கிணற்றுக் கயிறு உருளையில் சுற்றுவதுபோல, விரலடியில் சுற்றி இழுபடும். பாதத்தின் வளைவு தானாக உயரும், பாதம் இறுகும். குதிகால் மூட்டு செய்துகொண்டிருந்த இறுக்கும் வேலையில் ஒரு பங்கை இது செய்யும். நீ ஏழு வருஷம் வெளி ஓரத்தில் நடந்ததால் உன் பெருவிரலுக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். அது கெட்டுப்போகவில்லை, சும்மா இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன், பார். உன் காலை நான் பார்க்கவில்லை. பார்க்கிற இடத்தில் நீதான் இருக்கிறாய். நீ என்ன எழுதினாலும், கால் என்ன சொல்கிறது என்று நீ சொன்னாலும், அதுதான் எனக்குச் சரியான விடை. வலிக்கிறது என்றால் வலிக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை.

நாளைக் காலையில் செருப்பில்லாமல் சமதரையில் நின்று, சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு, மெதுவாக ஒரே ஒரு அடி நட. உன் வலது பாதத்தில் எந்த விரல் கடைசியாகத் தரையை விடுகிறது என்று பார்த்து எனக்கு எழுது.